ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப மன்னிக்கிறது எப்பிடி

போன மாசம் கொழும்பு வெள்ளவத்தையில ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிஞ்சு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கேக்க ஒரு பிள்ளை கிட்ட வந்து மெதுவாக் கேட்டா, "அன்ரி, நான் மாமியை மன்னிச்சிட்டன் எண்டு ஆண்டவரிட்டச் சொல்லிட்டன், ஆனா மூண்டு நாளில அதே கோவம் அப்பிடியே திரும்ப வருது, அப்ப நான் மன்னிக்கவே இல்லையா, பொய்யா சொன்னனான்?" எண்டு. கேக்கேக்க அவட கண் கலங்கிட்டுது. அந்த இடத்தில நிண்டு முழுசா மறுமொழி சொல்ல எனக்கு ஏலேல்ல, பக்கத்தில ஆக்கள், பஸ்ஸுக்கும் நேரம் போட்டுது. அதான் இருந்து எழுதுறன், அவவுக்கும் அவவைப் போல இருக்கிற எல்லாருக்கும்.

முதல்லயே சொல்லிடுறன், அந்தப் பிள்ளை பொய் சொல்லேல்ல. மன்னிக்கிறது எண்டா ஒருக்கா செய்து முடிச்சு அலுமாரியில வச்சுப் பூட்டிற வேலை எண்டு எங்களுக்கு ஆரோ சொல்லித் தந்திட்டினம், அதுதான் பிழை.

மத்தேயு 18இல பேதுரு வந்து கேக்கிறார், என் சகோதரன் எனக்கு விரோதமாக் குற்றம் செய்துகொண்டே வந்தா எத்தனை தரம் மன்னிக்க வேணும், ஏழு தரம் மட்டுமோ எண்டு. அவர் தன்ர மனசில பெரிய நம்பர்தான் சொல்லியிருப்பார், ஏழு தரம் எண்டுறது லேசில்ல, நீங்களே ஒருத்தரை ஏழு தரம் விட்டுப் பாருங்கோ. இயேசு "ஏழெழுபதுதரமட்டும்" எண்டார். பெருக்கினா 490, சில மொழிபெயர்ப்பில 77 எண்டு இருக்கு, எதை எடுத்தாலும் விசயம் ஒண்டுதான், எண்ணுறதை நிப்பாட்டு எண்டுறதுதான். ஆதியாகமம் 4இல லாமேக்கு எண்டு ஒருத்தன் தனக்காக எழுபத்தேழு பழி சுமரும் எண்டு மனுசிமாருக்கு முன்னால பெருமை பேசுவான், பழி வாங்கிறதில அவன் போட்ட கணக்கை இயேசு மன்னிப்பில திருப்பிப் போட்டார் எண்டு கன பேர் விளக்கம் சொல்லுவினம், எனக்கு அந்த விளக்கம் நல்லாப் பிடிக்கும்.

ஆனா என்ட அனுபவத்தில அந்த 490இல பெரும்பங்கு 490 வேற வேற பிழைக்கு இல்ல. ஒரே ஒரு பிழைக்குத்தான். என்ட அண்ணா செய்த ஒரு காரியத்தை நான் 2006இல மன்னிச்சன், அடுத்த கிழமை திரும்ப மன்னிச்சன், அம்மா செத்தண்டைக்கு மன்னிச்சன், நத்தாருக்கு மன்னிச்சன், போன கிழமையும் மன்னிச்சன். அவர் செய்தது ஒருக்கா, எனக்கு அது திரும்பத் திரும்ப நடக்குது. நினைவு வரேக்க எல்லாம் அது புதுசாவே வருது, அதால புதுசாவே மன்னிக்க வேண்டிக் கிடக்கு. இதை விளங்கிக்கொண்டா பாதிப் பாரம் குறைஞ்சிடும், ஏனெண்டா கோவம் திரும்ப வாறது நீங்க தோத்ததுக்கு அடையாளம் இல்ல, அடுத்த தரத்துக்கான நேரம் வந்திட்டுது, அவ்வளவுதான்.

இனி எப்பிடிச் செய்யிறது எண்டுறதைச் சொல்ல முதல் என்ட அப்பாட கடையைப் பற்றிச் சொல்ல வேணும், ஏனெண்டா மன்னிப்பு எண்டா என்ன எண்டு நான் படிச்சது சேர்ச்சில இல்ல, அங்கதான்.

அப்பா வெள்ளவத்தையில ஒரு ஒழுங்கைக்குள்ள சின்னக் கடை வச்சிருந்தவர், அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பாண். மேசைக்குப் பக்கத்தில நீளமான ஒரு கடன் கொப்பி கயிறு கட்டித் தொங்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். சம்பளத்துக்கு வந்து கட்டினா அப்பா சிவப்புப் பேனையால பக்கத்துக்குக் குறுக்கா ஒரு கோடு போடுவார். ஒரு ஆள் மாசக்கணக்காக் கட்டேல்ல, வீட்டில பிள்ளைக்கு வருத்தம், வேலையும் போட்டுது. ஒரு நாள் பின்னேரம் அப்பா அந்தப் பக்கத்தை எடுத்து, மேல இருந்து கீழ வரைக்கும் விரலை வச்சு எல்லாத்தையும் கூட்டி, அடியில மொத்தத்தை வடிவா எழுதி, பேந்து அதே சிவப்புப் பேனையால கோடு போட்டார். எனக்கு ஏழெட்டு வயசு, பக்கத்தில நிண்டு பார்த்துக்கொண்டிருந்தன். விடப்போற கடனை ஏன் கூட்டிறீங்கள் எண்டு கேட்டன். எவ்வளவு எண்டு தெரியாம எப்பிடிப் பிள்ளை விடுறது எண்டார்.

அடுத்த கிழமை அதே ஆள் கடைக்கு வந்தார். அப்பா முகம் சுளிக்கேல்ல, பிள்ளைக்கு எப்பிடி எண்டு விசாரிச்சார். அந்த ஆள் பாண் கேட்டார், கணக்கில எழுதச் சொன்னார். அப்பா சொன்னது எனக்கு இப்பவும் காதில கேக்குது, "கொப்பி இனித் திறக்கமாட்டன் அண்ணே, காசு இருந்தா வாங்கோ, இல்லாட்டி இந்தப் பாணைச் சும்மா கொண்டுபோங்கோ." பழைய கடனை விட்டார், பசிக்குப் பாண் குடுத்தார், ஆனா புதுக் கடன் குடுக்கேல்ல. இந்த மூண்டும் வேற வேற எண்டு எனக்கு வடிவா விளங்க கனகாலம் எடுத்தது.

பைபிளும் கடன் எண்டுதான் சொல்லுது. மத்தேயு 6இல "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" எண்டு இருக்கு. நான் மெதடிஸ்ட், என்ட மனுசன் கத்தோலிக்கர், அவையள் "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல" எண்டு சொல்லுவினம். பொறுக்கிறது எண்ட சொல்லும் நல்ல சொல்தான், பாரம் தெரியும் அதில. ஆனா எனக்கு வேலை செய்யிறது கடன் எண்ட சொல்தான், ஏனெண்டா கடனை என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியும்.

அப்ப முதலாவது செய்ய வேண்டியது, கூட்டிப் பார்க்கிறது. ஒரு கொப்பியை எடுத்து, கதவைச் சாத்திப்போட்டு இருந்து, அந்த ஆள் உங்களுக்குச் செய்தது என்ன எண்டு எழுதுங்கோ. "என்னைக் கஷ்டப்படுத்தினா" எண்டு எழுதாதேங்கோ, அது கணக்கில்ல. "என்ட கலியாணத்துக்கு வந்த ஆக்களுக்கு முன்னால என்ட அம்மாவைச் சீதனத்தைப் பற்றிக் கேட்டு அழ வச்சா" எண்டு எழுதுங்கோ. அதால உங்களுக்கு என்ன போச்சு எண்டும் எழுதுங்கோ. நித்திரை போச்சா, காசு போச்சா, மனுசனோட இருந்த நம்பிக்கை போச்சா, எல்லாம். நாங்கள் கிறிஸ்தவர்கள் இந்த இடத்தைப் பாய்ஞ்சு போகப் பார்க்கிறம், "பரவாயில்ல, விடுங்கோ, ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்" எண்டு வாயால சொல்லிட்டு உள்ளுக்குள்ள வட்டியோட கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இயேசு சொன்ன அந்த இரக்கமில்லாத வேலைக்காரன்ட கதையைப் பாருங்கோ, அவன் ராசாவுக்குக் குடுக்க வேண்டியது பதினாயிரம் தாலந்து, ஒரு தாலந்து கிட்டத்தட்ட 6,000 நாள் கூலி, அப்ப 6 கோடி நாள் கூலி, வருசத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2 லட்சம் வருசம். ராசா அதை முழுசா விட்டார். ஆனா அவனுக்கு மற்ற வேலைக்காரன் குடுக்க வேண்டினது நூறு வெள்ளிப்பணம், அதுக்கு அந்த ஆளைப் பிடிச்சுச் சிறையில போட்டான். கன பிரசங்கத்தில அந்த நூறை ஒண்டுமே இல்ல எண்டு சொல்லிட்டுப் போவினம், ஆனா நூறு வெள்ளிப்பணம் எண்டா நூறு நாள் கூலி, மூண்டு மாசத்துக்கு மேல உழைச்ச காசு, வீட்டு வாடகையும் பிள்ளையளின்ட ஸ்கூல் செலவும் அதுக்குள்ள இருக்கு. உங்களுக்கு நடந்தது சின்ன விசயம் எண்டு இயேசு சொல்லவே இல்ல. அது கடன்தான், உண்மையான கடன்தான், ஆனா உனக்கு விட்ட கடனுக்குப் பக்கத்தில வச்சுப் பார் எண்டுதான் சொல்லுறார். எங்கட காயம் சின்னன் எண்டு நாங்களே எங்களை ஏமாத்திக்கொண்டா அந்தக் கதையே விளங்காது.

எழுதி முடிச்ச பிறகு கோடு போடுங்கோ. உண்மையாவே பேனையை எடுத்துப் போடுங்கோ. போடேக்க வாய் திறந்து சொல்லுங்கோ, மனசுக்குள்ள சொன்னா அது நழுவிப் போயிடும். நான் சொல்லுறது இப்பிடி, "ஆண்டவரே, அண்ணா எனக்குத் தர வேண்டினது இவ்வளவு, நீர் பார்த்தனீர். இதை நான் இனி அவரிட்டக் கேக்கமாட்டன், மன்னிப்புக் கேட்டு அழ வேணும் எண்டும் எதிர்பார்க்கமாட்டன், அவரின்ட பிள்ளையளில காட்டமாட்டன். உம்மட கையில தாறன்." அவ்வளவுதான். மனசு குளிர்ந்திட்டுதா எண்டு பார்க்காதேங்கோ, அப்பா கோடு போடேக்க சந்தோசப்பட்டவர் எண்டு நான் நினைக்கேல்ல, அவருக்கு அந்த மாசம் எங்கட வீட்டுக்கே காசு தட்டுப்பாடு.

என்ட அண்ணா செய்ததை மட்டுமட்டாச் சொல்லுறன். அம்மாட்ட ரெண்டு காப்பு இருந்தது, எனக்கு எண்டு வச்சிருந்தவ. 2005இல அண்ணா ஒரு அவசரம் எண்டு சொல்லி வாங்கிக்கொண்டு போய் அடகு வச்சார், மூண்டு மாசத்தில மீட்டுத் தாறன் எண்டார், மீட்கேல்ல, அது ஏலத்தில போச்சு, எங்களுக்குச் சொல்லவும் இல்ல. ஒரு வருசத்துக்குப் பிறகு அம்மா அவரின்ட சேர்ட் பொக்கெற்றில இருந்த அடகுச் சீட்டைக் கழுவேக்க கண்டெடுத்தவ. நனைஞ்சு மடிஞ்சு எழுத்தெல்லாம் நீலமா ஓடின சீட்டு. அம்மா அதை வெயிலில காயப்போட்டு மடிச்சு பைபிளுக்குள்ள வச்சிட்டு எனக்குக் கோல் எடுத்தவ.

இப்ப அந்தத் திரும்ப வாற கோவத்துக்கு என்ன செய்யிறது எண்டதுக்கு வாறன், அதுதான் அந்தப் பிள்ளை கேட்டது.

அது சொல்லிக்கொண்டு வராது. எனக்குத் தேங்காய் திருவேக்குள்ளதான் கூட வரும், கை தன்பாட்டில வேலை செய்யும், மனசு சும்மா இருக்கும், உடன அண்ணாட முகம் வந்திடும், நான் அவரோட வழக்குப் பேசத் தொடங்கிடுவன், அவர் இதைச் சொன்னா நான் அதைச் சொல்லுவன் எண்டு, பத்து நிமிசத்தில தேங்காயும் முடிஞ்சு நெஞ்சும் படபடக்கும். அந்த வழக்கைத் தொடங்க விடாதேங்கோ. முகம் வந்த உடன, வழக்குத் தொடங்க முதல், ஒரு வசனம் சொல்லுங்கோ, எப்பவும் ஒரே வசனம். என்ட வசனம் "அந்தப் பக்கத்துக்குக் கோடு போட்டாச்சு ஆண்டவரே, திரும்பவும் போடுறன்." பேந்து அந்த ஆளுக்காக ஒண்டைக் கேளுங்கோ, சும்மா "ஆசீர்வதியும்" எண்டு பொதுவா இல்ல, அவருக்கு இண்டைக்கு என்ன தேவையோ அதை. அண்ணாக்கு முழங்கால் வருத்தம், அப்ப அதுக்காகக் கேப்பன். சில நாள் பல்லைக் கடிச்சுக்கொண்டு கேட்டிருக்கிறன். அப்பிடிக் கேட்டாலும் கேட்டதுதான்.

ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வந்தா பத்துத் தரமும் செய்யுங்கோ. முதல் கொஞ்ச மாசம் அப்பிடித்தான் இருக்கும். பிறகு கிழமைக்கு ஒருக்கா, பிறகு மாசத்துக்கு ஒருக்கா எண்டு ஆகும், ஆனா திடீரெண்டு ஒரு நாள் முதல் நாள் மாதிரியே வரும், அதுக்குப் பயப்பிடாதேங்கோ.

இன்னொரு பழக்கம், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாங்கள் ஓட்டமாச் சொல்லுறம், கடன் எண்ட அந்த வரி வரேக்க நிப்பாட்டி ஆளின்ட பேரைப் போட்டுச் சொல்லுங்கோ. காலமை ஒருக்கா, படுக்க முதல் ஒருக்கா. எபேசியர் 4இல சூரியன் அஸ்தமிக்க முதல் எரிச்சல் தணிய வேணும் எண்டு பவுல் எழுதினது சும்மா இல்ல, இருட்டில கோவத்தோட படுத்தா அது விடிய விடிய வளரும், இது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே.

மற்றது உங்கட வட்ஸ்அப். பழைய மெசேஜை மேல மேல தட்டி வாசிக்கிறதை நிப்பாட்டுங்கோ. வழக்குக்கோ பொலிஸுக்கோ தேவைப்படுற சாட்சி எண்டா வேற எங்கயாவது எடுத்து வச்சிட்டு அந்த வட்ஸ்அப் பக்கத்தை ஒளிச்சு விடுங்கோ. கதையையும் கண்ட ஆக்களுக்கெல்லாம் சொல்லாதேங்கோ, ஒரு ஆள் போதும், உங்களோட சேர்ந்து ஏசுற ஆளா இல்லாம உங்களோட இருந்து ஜெபிக்கிற ஆளா. பாஸ்டரோ பாதரோ எண்டா நல்லது, கத்தோலிக்க ஆக்கள் பாவசங்கீர்த்தனத்தில இந்தக் கசப்பையும் சொல்லலாம். நான் எட்டுப் பேருக்குச் சொல்லியிருக்கிறன், ஒவ்வொருக்காச் சொல்லேக்கயும் அண்ணா கொஞ்சம் கூடக் கெட்டவராத்தான் ஆனார், இது எனக்கே தெரிஞ்சது, பிறகுதான் வாயை மூடினன்.

சரி, இது பழைய பிழை. ஆள் இன்னும் புதுசாப் புதுசாச் செய்துகொண்டிருந்தா?

லூக்கா 17ஐ எடுத்து வாசியுங்கோ, ஒரு நாளில ஏழுதரம் பிழை விட்டு ஏழுதரமும் வந்து மனஸ்தாபப்படுறன் எண்டு சொன்னா மன்னி எண்டு இருக்கு. ஆனா அதுக்கு முதல் வசனத்தில "அவனைக் கடிந்துகொள்" எண்டு இருக்கு, அதை நாங்கள் விட்டிடுறம். மன்னிக்கிறது எண்டா வாய் பேசாம இருக்கிறது இல்ல. மத்தேயு 18லயும் பேதுரு அந்தக் கேள்வி கேக்க முதல் இயேசு சொல்லுறார், போய் நீயும் அவனும் தனிச்சிருக்கேக்க சொல்லு, கேக்காட்டி ஒண்டு ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதுக்கும் கேக்காட்டி சபைக்குச் சொல்லு எண்டு. வரிசை முக்கியம். எங்கட ஆக்கள் தலைகீழாச் செய்வினம், முதல்ல குடும்ப குரூப்பில போடுறது, பிறகு கலியாண வீட்டில முகத்தைத் திருப்பிறது, கடைசி வரைக்கும் ஆளிட்டக் கதைக்கிறதே இல்ல.

கதைக்கேக்க ஆளின்ட பிள்ளையளுக்கு முன்னால வேண்டாம், செத்தவீட்டில வேண்டாம், ஃபோனிலயும் முடிஞ்ச வரைக்கும் வேண்டாம். ஒரு விசயத்தை மட்டும் கதையுங்கோ. "நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்" எண்ட சொல்லை எடுக்காதேங்கோ, அது பழைய பக்கம் எல்லாத்தையும் திறந்திடும். "மாமி, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னது எனக்கு நொந்தது, இனி அப்பிடிச் சொல்லாதேங்கோ" எண்டு சொல்லிட்டு நிப்பாட்டுங்கோ. மாமி எண்டா மாமிக்கு உரிய மரியாதையோடதான், குரல் உயராம, ஆனா சொல்லாம விடாதேங்கோ.

அவ மன்னிப்புக் கேக்காட்டி? கேக்காமலே இருக்கலாம், எங்கட சனத்தில மூத்த ஆக்கள் வாயால கேக்கிறது குறைவு, ஒரு துண்டு மீனைக் கூடப் போட்டுத் தந்து காட்டுவினம், அதைக் கண்டுபிடிச்சுக்கொள்ளுங்கோ. அதுவும் இல்லாட்டி மாற்கு 11ஐப் பாருங்கோ, நிண்டு ஜெபம் பண்ணேக்க ஒருத்தன் பேரில குறை இருந்தா மன்னி எண்டு இருக்கு, அவன் வந்து கேட்டா எண்டு அதில இல்ல. கோடு போட ஆள் வர வேண்டியதில்ல, அது நீங்களும் ஆண்டவரும். ஆளோட சேர்ந்து இருக்கிறதுக்குத்தான் அவரும் வர வேணும், ரெண்டு பக்கமும் நடக்க வேணும். அதாலதான் பவுல் ரோமர் 12இல "கூடுமானால் உங்களாலானமட்டும்" எண்டு எழுதினார்.

இனி நம்பிக்கை. இதுதான் கன பேர் குழம்புற இடம், நானும் குழம்பினனான். 2006க்குப் பிறகு அண்ணா கேக்கேக்க எல்லாம் நான் காசு குடுத்தன், மன்னிச்சனான்தானே, குடுக்காட்டி மன்னிக்காத மாதிரி எண்டு. ஒவ்வொருக்காவும் "இந்த முறை மட்டும் தங்கச்சி" எண்டார். அது அவருக்கும் நல்லதா முடியேல்ல, எனக்கும் இல்ல.

1 சாமுவேல் 24லயும் 26லயும் தாவீது, தன்னைக் கொல்லத் தேடித் திரிஞ்ச சவுல் ராசாவை ரெண்டு தரம் கொல்லாம விட்டவர். ரெண்டாந்தரம் சவுல் அழாத குறையா, என் குமாரனே திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யமாட்டன் எண்டு கூப்பிடுறான். தாவீது சவுலிட்ட இருந்து எடுத்த ஈட்டியைத் திருப்பிக் குடுத்தார், ஆனா அரமனைக்குப் போகேல்ல. தாவீது தன் வழியே போனான், சவுல் தன் இடத்துக்குத் திரும்பினான் எண்டு அதிகாரம் முடியுது. ரெண்டு பேரும் வேற வேற பக்கம். பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதின கடைசி அதிகாரத்தில, ஒருக்கா வேண்டாம் எண்டு விட்ட மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, எனக்குப் பிரயோசனமானவன் எண்டு எழுதுறார், அதே பக்கத்தில கன்னானாகிய அலெக்சந்தர் தனக்கு வெகு தீமை செய்தவன், நீயும் எச்சரிக்கையாயிரு எண்டும் எழுதுறார். ஒருத்தருக்குக் கொப்பி திறந்தார், மற்றவருக்குத் திறக்கேல்ல, ஆள் மாறினதைப் பார்த்துத்தான்.

இப்ப நான் அண்ணாட கையில காசு குடுக்கிறதில்ல. அவரின்ட மகளின்ட ரியூஷன் காசை நேர படிப்பிக்கிற சேரிட்டக் கட்டுறன், நத்தாருக்கு அரிசியும் பருப்பும் வாங்கிக் குடுக்கிறன். காசு கேட்டா "காசு இல்ல அண்ணா, சாப்பிட வாங்கோ" எண்டு சொல்லுவன். முதல் தரம் சொல்லேக்க குரல் நடுங்கினது. அவர் ரெண்டு மாசம் வரேல்ல. பிறகு ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில எங்கட ஃப்ளற் கிறில் கதவுக்கு வெளியில, கையில எண்ணெய் ஊறின பேப்பர் பையில நாலு மாலு பாணோட நிண்டார், செருப்பைக் கழட்டாம, நான் வாங்கோ எண்டு சொல்லும் வரைக்கும்.

இதில ஒண்டை நான் கோவமாவே சொல்ல வேணும். வீட்டில அடி வாங்கிற பொம்பிளைக்கு ஏழெழுபதுதரம் எண்ட வசனத்தைக் காட்டி "பொறுத்துப்போ மகள்" எண்டு அனுப்புறது பாவம். அதைச் செய்த ஆக்களை நான் கண்டிருக்கிறன், சேர்ச்சுக்குள்ளயே. அடிக்கிறவனை மன்னிக்கிற வேலையைப் பிறகு பார்க்கலாம், முதல்ல அந்த வீட்டை விட்டு வெளிய வர வேணும், பிள்ளையளோட. இலங்கையில 2005ஆம் ஆண்டின்ட 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு, நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம். பெண்களுக்கான உதவி நம்பர் 1938, பிள்ளையளுக்கு எண்டா 1929, உடன் ஆபத்து எண்டா பொலிஸ் 119. கோல் எடுக்கிறது மன்னிக்காம இருக்கிறது இல்ல. மன்னிப்பு உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில, சட்டம் தன்ர வேலையைச் செய்யட்டும்.

அதே மாதிரி மற்றவையின்ட மன்னிப்பை நாங்கள் அவசரப்படுத்தக்கூடாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்கட வீட்டில இருந்து நடை தூரம். கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் சபை, ஹோட்டல்கள் எண்டு எல்லாம் சேர்த்து குண்டுவெடிப்பில 260 பேருக்கு மேல செத்துப் போட்டினம். அடுத்த வருச ஈஸ்டருக்கு கர்தினால் மல்கம் ரஞ்சித் தாக்கினவையை மன்னிச்சிட்டம் எண்டு சொன்னார். அதுக்குப் பிறகும் உண்மை வெளிய வர வேணும், நீதி வேணும் எண்டு கேக்கிறதை அவர் விடேல்ல, 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம் தாக்குதலைத் தடுக்கத் தவறினதுக்கு முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்புக் குடுத்தது. மன்னிப்பும் நீதி கேக்கிறதும் ஒரே வாயில இருக்கலாம் எண்டு நான் அதில பார்த்தன். ஆனா பிள்ளையைக் குடுத்த தாயிட்டப் போய் நீங்களும் மன்னிச்சிட்டீங்களா எண்டு கேக்க எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்ல. பக்கத்தில இருங்கோ, சமைச்சுக் குடுங்கோ, செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போறா எண்டா கூடப் போங்கோ.

அப்பாட கடையை 83 ஜூலைக் கலவரத்தில எரிச்சிட்டினம். கொப்பியும் எரிஞ்சு போச்சு. நாங்கள் முகாமில இருந்து வெளிய வந்த பிறகு, பழைய ஒழுங்கையில இருந்த ஒரு சிங்கள அம்மா எங்களைத் தேடிப் பிடிச்சு, சேலைத் தலைப்பில முடிஞ்சு வச்சிருந்த காசை எடுத்து, இது கடையில குடுக்க வேண்டின பாக்கி எண்டு அப்பாட கையில வச்சவ. எவ்வளவு எண்டு அப்பாக்கே ஞாபகம் இல்ல, அவ தானே கணக்கு வச்சிருந்திருக்கிறா. அப்பா அண்டைக்குத்தான் அழுதவர், கடை எரிஞ்சண்டைக்கு அழேல்ல. எரிச்சவையை அவர் மன்னிச்சாரா எண்டு நான் கேட்டதில்ல, அந்த ஒழுங்கையால அவர் கன வருசம் போகேல்ல, ஆனா எரிச்ச ஆக்களின்ட மொழி பேசுற ஒருத்தரையும் அதுக்காக வெறுத்துக் கதைச்சு நாங்கள் கேட்டதும் இல்ல.

இன்னும் ஒண்டு, நீங்கள் மன்னிச்ச ஆள் திரும்பத் திரும்ப வந்து "உண்மையா மன்னிச்சிட்டியா" எண்டு கேட்டா சலிக்காதேங்கோ. யோசேப்பு தன்னை வித்த சகோதரரை மன்னிச்சு, எகிப்தில 17 வருசம் சோறு போட்டு வச்சிருந்தார், தகப்பன் யாக்கோபு செத்த உடன அவையளுக்குத் திரும்பப் பயம் வந்திட்டுது, இனிப் பழி வாங்கப்போறான் எண்டு ஆள் அனுப்பினவை. யோசேப்பு அதைக் கேட்டு அழுதார் எண்டு இருக்கு. பிறகு முதல்ல சொன்னதையே திரும்ப ஒருக்காச் சொன்னார், பயப்பிடாதேங்கோ, நான் உங்களையும் உங்கட பிள்ளையளையும் பார்த்துக்கொள்ளுவன் எண்டு. மன்னிக்கிறவருக்குத் திரும்பத் திரும்பக் கஷ்டம் வாற மாதிரி மன்னிக்கப்பட்டவருக்கும் வருது.

எல்லாம் செய்தும் ஏலாது எண்டு வாற நாளில, லூக்கா 17இல அந்த ஏழுதரக் கதையைக் கேட்ட உடன அப்போஸ்தலர்கள் என்ன சொன்னவை எண்டு பாருங்கோ, "எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" எண்டு கேட்டவை. இயேசுவோட கூட நடந்த ஆக்களுக்கே அது பெரிய விசயமாத்தான் தெரிஞ்சது. அவையள் கேட்ட மாதிரியே நீங்களும் கேளுங்கோ, ஆண்டவரே எனக்கு இதுக்குப் பலம் இல்ல எண்டு, அது நல்ல ஜெபம்.

போன கிழமை மகளின்ட கலியாணத்துக்கு நகை பார்க்கச் செட்டியார் தெருவுக்குப் போனம். கடைக்காரப் பொடியன் சிவப்பு வெல்வெற் தட்டில ரெண்டு காப்பைக் கொண்டுவந்து வச்சான், பூட்டில சின்ன மாங்காய் வேலை, அம்மாடதில இருந்த அதே மாதிரி. எனக்கு ஒரு நிமிசம் காது அடைச்சிட்டுது. வெயிலில காஞ்ச அந்த அடகுச் சீட்டு, அம்மாட குரல், எல்லாம் அப்பிடியே. கண்ணாடி மேசையில கையை ஊண்டிக்கொண்டு நிண்டன். மகள் "என்னம்மா?" எண்டாள். நான் மெல்லமா, அவளுக்கும் கேக்காத மாதிரி, என்ட வசனத்தைச் சொன்னன், அண்ணாட முழங்காலுக்காகவும் கேட்டன்.

"அன்ரி, நிறுத்துக் காட்டட்டா?" எண்டான் பொடியன்.

நிறுங்கோ தம்பி எண்டன்.